கிணற்று மூச்சும் கடல் மூச்சும்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கடல் தெரியும், இரண்டு பேருக்குக் கிணறு தெரியும். கடல் தெரிந்தவர்கள் என் கணவர் முத்துக்குமாரும் மகள் யாழினியும். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்து, வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டு வருபவர்கள். கிணறு தெரிந்தவர்கள் நானும் என் அண்ணன் மாதப்பனும். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மேலிருந்து குதித்து, மூச்சைப் பிடித்து அடிவரை போய், கை நிறைய மண்ணோடு மேலே வருவோம். அதில் எங்களை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது.

பல வருடங்களாக அவர்கள் போவார்கள். நான் ஓசூர் மத்திகிரி வீட்டில் இருந்துவிடுவேன். திரும்பி வந்து சாப்பிடும்போது அவர்கள் பேசுவது எனக்குப் பாதி புரியாது. நீரோட்டம், ஆழம், காற்று எவ்வளவு மிச்சம் என்று பேசிக்கொண்டே போவார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். இந்த வருடம், யாழினியின் கல்லூரி விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது சொல்லிவிட்டேன்: "இந்த தடவ நானும் வரேன். அண்ணனையும் கூட்டிட்டுப் போறோம்."

அண்ணன் விஷயத்தில் எனக்கு வேறு கணக்கும் இருந்தது. அண்ணி தவறிப்போன பிறகு அவர் தோட்டத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. போன் செய்தால் தக்காளி, மழை, மோட்டார் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். அவரை எங்காவது இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தவிப்பாகவே இருந்தது.

இவருக்கும் யாழினிக்கும் மாலத்தீவு மேல் கண். அங்கே நீரோட்டம் வேகமாக ஓடும் இடத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு சுறாக்களைப் பார்க்கலாமாம். "நீயும் மச்சானும் மேல மிதந்துக்கிட்டே கண்ணாடி போட்டுப் பாருங்க. நாங்க கீழ போயிட்டு வந்துருவோம்" என்றார் இவர். திருநெல்வேலிக்காரர், ஓசூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"மிதக்கறதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவணும்? கிருஷ்ணகிரி டேம் போதாதா?" என்றேன்.

நான் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இறுதிப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணோடு தேட ஆரம்பித்தேன். கரையிலிருந்து நடந்தே இறங்கும் கடலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணனுக்குப் பேருந்திலேயே வாந்தி வரும், படகெல்லாம் ஆகாது. புதியவர்களுக்கு ஆழமில்லாமலும் பழகியவர்களுக்கு ஆழமாகவும் ஒரே இடத்திலேயே இருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் போய், மாலையில் ஓட்டலில் சந்தித்துக்கொள்வதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலா இல்லை.

கடைசியில் பாலித் தீவின் கிழக்குக் கரையில் துலாம்பென் என்ற கிராமம் மாட்டியது. போர்க்காலத்தில் அடிபட்டுக் கரை தட்டிய சரக்குக் கப்பல் ஒன்றைப் பின்னால் எரிமலை வெடித்துக் கடலுக்குள் தள்ளிவிட்டதாம். கப்பலின் மேல்பகுதி ஆளுயரம் மூன்று போனால் வந்துவிடும். அடிப்பகுதி இவர் கேட்கிற ஆழத்தில் கிடக்கிறது. கரையிலிருந்து நீந்தியே போகலாம்.

அங்கே டைவிங் கடை வைத்திருந்த கோமாங் என்ற பெண்ணிடம் வீடியோவில் ஆங்கிலத்தில் பேசினேன். "உங்கள் கம்ப்ரசர் அறையைக் காட்டுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். சிலிண்டர்கள் நிமிர்த்திச் சங்கிலி போட்டிருந்தன. தரை உலர்ந்திருந்தது. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை புதியவர்கள் என்று கேட்டேன். "இரண்டு பேர். அதற்கு மேல் என் தங்கை கேட்டாலும் சேர்க்க மாட்டேன்" என்றார். அதோடு என் பரிசோதனை முடிந்தது. அண்ணனையும் என்னையும் ஓசூரில் டாக்டரிடம் காட்டி, காது, நெஞ்சு எல்லாம் சரி என்று சொன்ன பிறகு கிளம்பினோம். டிக்கெட், விசா கதை எல்லோருக்கும் ஒன்றுதான், விட்டுவிடுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து வேனில் போகும்போது வழியில் ஒரு கோயில் ஊர்வலம் குறுக்கிட்டது. வெள்ளைச் சட்டை, தலையில் முண்டாசு கட்டிய ஆண்கள். பழங்களைக் கோபுரமாக அடுக்கித் தலையில் சுமந்த பெண்கள். பித்தளைத் தாளங்களின் சத்தம். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். யாழினி ஓடிப் போய்க் கூட்டிவந்தாள்.

"மாமா, எங்க போறீங்க?"

"சாமி போவுது, கூடப் போறேன். நம்மூருல யாராச்சும் வண்டியில குந்திகினு வேடிக்க பாப்பாங்களா?"

மலைப் பாதையில் வேனின் ரேடியேட்டர் கொதித்து நின்றது. இவர் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு. குனிந்து பார்த்து, குழாயில் வெடிப்பு என்று விரலால் காட்டினார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவர் மொழி தெரியாது. டிரைவர் பழைய சைக்கிள் டியூபை எடுத்துவந்தார், இவர் சுற்றிக் கட்டினார், எதிர்க் கடைப் பெண்மணி வாளியில் தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது இரண்டு ஆண்களும் தோளில் தட்டிக்கொண்டார்கள்.

துலாம்பென் கடற்கரையில் மணல் இல்லை. கறுப்புக் கூழாங்கற்கள்தான். அலை திரும்பும்போது கற்கள் உருண்டு, லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்கும். பின்னால் எரிமலை நிமிர்ந்து நிற்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் வைத்து, கையை வீசிக்கொண்டு கரைக்கு நடக்கிறார்கள். அண்ணன் தன்னுடையதைத் தானே தூக்குவதாகச் சொல்லி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று கோமாங்கிடம் கேட்டேன். "பேரப்பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாரா என்று கேட்கிறார்கள்."

சாப்பாட்டில் எங்களுக்குக் கஷ்டமில்லை. வெள்ளைச் சோறு, கீரை வதக்கல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் பச்சை எண்ணெய் ஊற்றிய காரமான பச்சடி, மசாலா அரைத்த மீனைக் குச்சியில் அப்பிச் சுட்டது. காப்பியில் தூளை வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள். இவர் கடைசி மடக்கு வரை குடித்துவிட்டுப் பல்லில் தூளோடு சிரித்தார். அண்ணன் பையில் கேழ்வரகு மாவு கொண்டுவந்திருந்தார். விடுதிச் சமையலறையில் நின்று களி கிண்டி, மீன் குழம்போடு உருட்டி விழுங்கினார். சமையல்கார அம்மா ஓர் உருண்டையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். "மெல்லக் கூடாது, முழுங்கணும்" என்று அண்ணன் தொண்டையைத் தடவிக் காட்டினார். அந்த அம்மா விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் நீச்சல்குளத்தில் பயிற்சி. இவரும் யாழினியும் விடிந்ததும் கப்பலின் அடிப்பகுதிக்குப் போய்விட்டார்கள். கோமாங் எங்களை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திச் சொன்னார்: "ஒரே ஒரு சட்டம். தண்ணீருக்கடியில் எப்போதும் மூச்சை அடக்கக் கூடாது. இழுக்க வேண்டும், விட வேண்டும். நிறுத்தவே கூடாது."

நான் அண்ணனுக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "மூச்ச புடிக்கக் கூடாதுன்னா அப்பறம் தண்ணிக்குள்ள போறதுல இன்னா இருக்குது?"

காரணத்தை விளக்கினோம். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். நெஞ்சுக்குள் அடைத்துவைத்தால் நுரையீரல் கிழிந்துவிடும். கிணற்றில் நாம் மேலே இழுத்த காற்றோடு போகிறோம், அது அப்படியே திரும்பி வரும். சிலிண்டர் காற்று அப்படியில்லை. அண்ணன் தலையாட்டினார். ஆனால் ஐம்பது வயது வரைக்கும் உடம்பு கற்றுவைத்திருப்பது ஒரு தலையாட்டலில் போய்விடுமா? குமிழிகள் வரும், நிற்கும், கோமாங் அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார், மறுபடியும் வரும்.

என் பாடு வேறு. முகக் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். முதல் தடவை மூக்கு வழியாக இழுத்துவிட்டேன். எழுந்து நின்று இருமித் தள்ளினேன். கிணற்றில் கண்ணைத் திறந்து நீந்தியவளுக்கு ஒரு கண்ணாடித் தண்ணீர் எம்மாத்திரம் என்று நினைத்தது தப்பு. விடவில்லை. குளத்தில் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் செய்துகொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் கடல். கூழாங்கல்லில் அலை காலை வாரிவிடும் என்று பின்பக்கமாக நடத்திக் கூட்டிப்போனார்கள். தலை உள்ளே போனதும் சத்தமெல்லாம் அடங்கி, என் மூச்சு மட்டும் கேட்டது. காதில் அழுத்தம் வந்தபோது மூக்கைப் பிடித்து ஊதினேன், திறந்துகொண்டது. கறுப்பு மணல் சரிவில் புல்போல் நின்றவை நாங்கள் நெருங்கியதும் மண்ணுக்குள் இழுத்துக்கொண்டன. விலாங்குகள். சிரிப்பு வந்தது, சிரித்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது, ஊதினேன், போய்விட்டது.

அப்புறம் கப்பல் தெரிந்தது. பவளம் மூடிய இரும்பு விலா எலும்புகள். அதன் மறைவிலிருந்து, நெற்றியில் பெரிய புடைப்போடு, கன்றுக்குட்டி அளவில் ஒரு பச்சை மீன் அண்ணனுக்கு நேராக வந்தது. அண்ணனின் குமிழிகள் நின்றன. கன்னம் உப்பியது. கிணற்றில் செய்வதைப் போலக் காலை உதைத்து மேலே கிளம்பினார்.

கோமாங் ஒரே எட்டில் அவர் போட்டிருந்த, காற்று ஊதி மிதக்கவைக்கும் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டையின் காற்றைத் திறந்துவிட்டார், முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, விரலை வாயிலிருந்து வெளியே வெளியே என்று காட்டினார். அண்ணன் கண்ணாடிக்குள் கண்கள் விரிந்திருந்தன. பிறகு பெரிய குமிழிக் கொத்து ஒன்று வந்தது. மூன்று பேரும் மெல்ல மேலே வந்தோம்.

ஒன்றும் ஆகவில்லை. கடையிலிருந்தே வண்டியில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டார்கள். நெஞ்சு நன்றாக இருந்தது. அன்றைக்கு ஓய்வு என்றார்கள். அண்ணன் வந்து விடுதி வாசலில் உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ராயக்கோட்டையில் இருக்கிற அதே முகம்.

இவரும் யாழினியும் ஆழத்துக் கதைகளோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் இவருக்கு முகம் மாறியது.

"நான் அப்பவே சொன்னேம்லா? மச்சான் மேல மிதக்கட்டும்னு. உனக்குப் பிடிவாதம்."

"பிடிவாதம்தான். ரெண்டு பேருக்கு ஒரு ஆளுன்னு பாத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். அதனாலதான் அந்தம்மா புடிச்சாங்க. அஞ்சு பேரு இருந்திருந்தா யாரு பாத்திருப்பா?"

சொல்லிவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றேன். யாழினி வந்து என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்தாள். "அம்மா, நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் போட்ல தூரமாப் போறதா இருந்துது. நான் போவல. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்." இவரும் உடனே சரி என்றாராம்.

காலையில் அண்ணன் அறையில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் நீச்சல்குளத்தில் கோமாங்கோடு நிற்கிறார். அவராகவே போய்க் கதவைத் தட்டி, கையால் மூச்சு இழுத்து விட்டுக் காட்டியிருக்கிறார். கோமாங் என்னிடம் சொன்னார்: "வெளியே விடும்போது ஏதாவது சத்தம் போடச் சொல்லுங்கள். சத்தம் வருகிறதென்றால் மூச்சு போகிறது."

"அண்ணா, மூச்ச உடும்போது சத்தம் போடணுமாம். இன்னா வோணா கத்து."

அண்ணன் யோசித்தார். குழாயை வாயில் கடித்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீருக்கடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, இழுத்து. குமிழிகள் மாலை மாலையாக மேலே வந்தன. நான் காதைத் தண்ணீரில் வைத்துக் கேட்டேன்.

"லச்சுமீ ஈ ஈ ஈ..."

மேய்ச்சலுக்குப் போன தன் பசு லச்சுமியைக் கொல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற குரல். ஒரு லச்சுமிக்கு ஒரு மூச்சு. அண்ணன் வெகுநேரம் மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டே குளத்துத் தரையில் மண்டியிட்டிருந்தார். பக்கத்து அறை வெள்ளைக்கார அம்மா தன் கணவரிடம், "அவர் பிரார்த்தனை செய்கிறார், சத்தம் போடாதே" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

அதற்கடுத்த நாள்தான் நான்கு பேரும் சேர்ந்து இறங்கினோம். கோமாங் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில். யாழினி என் இடப்பக்கம். இவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால், ஆனால் திரும்பி, அண்ணனைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நீந்தினார். ஆழத்தில் கிடக்கும் அடிப்பகுதியின் பக்கம் அன்றைக்கு அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அண்ணனிடமிருந்து லச்சுமி தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

கப்பலின் மேல்பகுதியில் ஆமை ஒன்று பவளத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைக் காட்ட யாழினி சட்டென்று திரும்பினாள். அவள் காலிலிருந்த துடுப்பு என் முகத்தில் மோதியது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். உப்பு கண்ணை எரித்தது, எதுவும் தெரியவில்லை, மூக்கு இழுத்துவிடத் துடித்தது. மேலே போ மேலே போ என்று உடம்பு கத்தியது. வாயால் இழுத்தேன். கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து, மூக்கால் ஊதினேன். பாதி போனது. இன்னொரு தடவை. போய்விட்டது.

தெளிந்ததும் கோமாங்கின் கை என் தோளில் இருப்பது தெரிந்தது, பிடித்துக்கொண்டு, காத்திருந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் யாழினியின் முகம். கண்ணாடிக்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, நான் நன்றாக இருக்கிறேன் என்று காட்டினேன். அவள் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரை வரும் வரை விடவில்லை.

திரும்பும் வழியில் வெள்ளி மீன் கூட்டம் ஒன்று வந்தது. நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்களைச் சுற்றி வட்டமாகச் சுழன்றது. அண்ணன் நடுவில் அசையாமல் நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார். கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். நான் பதறி அவர் வாயைப் பார்த்தேன். குமிழிகள் தாமாகவே, நிதானமாக, வந்துகொண்டிருந்தன.

கரையில் கண்ணாடியைக் கழற்றியதும் யாழினி, "சாரிம்மா, நான் பாக்கவே இல்ல, பயத்துலயே செத்துட்டேன்" என்று கட்டிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கேன் விடுடி. ஆமைய ஒழுங்கா காட்டு அடுத்த தடவ" என்றேன். இவர் அண்ணனின் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "மச்சான், பசிக்கி. களி கிண்டுவமா?" என்றார். களியைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனுஷன்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கடலில் இறங்கக் கூடாது, உடம்பில் தங்கிய காற்று வெளியேற வேண்டும். அன்றைக்கு மலையடிவாரத்துக் காய்கறித் தோட்டங்களைப் பார்த்தோம். அண்ணன் ஒரு தக்காளிச் செடியைப் பிடித்து இலையைத் திருப்பிப் பார்த்து, அந்தத் தோட்டக்காரரிடம் பூச்சியைக் காட்டித் தமிழிலேயே நீளமாகப் பேசினார். அவரும் அவர் மொழியில் நீளமாகப் பதில் சொன்னார். இரண்டு பேரும் பூச்சி விஷயத்தில் ஒத்துப்போனதாகவே தெரிந்தது.

பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து, ராயக்கோட்டைக்கு அண்ணனைக் கொண்டுவிடப் போனோம். இத்தனை நாளும் பாசன மோட்டாரைப் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்து முனிராஜ் வரப்பிலேயே நின்றிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அண்ணனிடம் தெலுங்கிலேயே கேட்டார், கடலுக்குள்ளே என்னதான் இருந்தது என்று.

அண்ணன் பையைக் கீழே வைத்தார். மீன், ஆமை, கப்பல் என்று ஆரம்பிப்பார் என்று நாங்கள் காரிலேயே உட்கார்ந்து காத்திருந்தோம்.

"உள்ள பேச முடியாது" என்றார் தெலுங்கில். "அதனால நாலு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கினே இருந்தோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் அண்ணன். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இறங்குங்க எல்லாரும். சாப்புட்டுப் போவலாம்" என்றார்.